‘எத்தனை அங்குலம்?’ என்பது பாதிக் கேள்வி

மைசூரில் மொழியியலும் மானிடவியலும் ஆயும் மாணவர்கள் சிலர், கள ஆய்வுப் பயணங்களுக்கெனப் பொதுவில் பணம் சேர்த்து, ஒருவர் ஓட்டிய ஐந்து கதவு ஜிம்னி ஒன்றை வாங்குவது குறித்துச் சில மாதங்களாகப் பேசி வருகிறோம். வண்டி எது என்பதில் உடன்பாடு வந்துவிட்டது. உடன்பாடு வராத இடம் ஒன்று உண்டு: சஸ்பென்ஷனை எவ்வளவு உயர்த்துவது? ஒரு சாரார் இரண்டு அங்குலம் என்கின்றனர். மறுசாரார், செலவு செய்வதென்று ஆன பிறகு நான்கு அங்குலமாகவே செய்துவிடலாம் என்கின்றனர். இரு தரப்பிலும் என் நண்பர்கள் இருக்கின்றனர். வாய்ப்பேச்சில் சொல்லி முடிக்க இயலாததை இங்கே எழுதி வைக்கிறேன். வேறு பல்கலைக்கழகங்களிலிருந்து மலைப்பகுதிகளுக்குக் கள ஆய்வு செல்லும் நண்பர்களுக்கும் இது பயன்படக்கூடும்.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வண்டியை வாங்கிய நிலையிலேயே ஒரு பருவம் ஓட்ட வேண்டும். எது, எங்கே, எவ்வளவு இடிக்கிறது என்று அளந்து பார்த்த பின்னும் உயர்த்துவது தேவை எனத் தெரிந்தால், 40 மி.மீ. அளவில் நிற்க வேண்டும், 50 மி.மீ.-ஐத் தாண்டக் கூடாது. நான்கு அங்குலம், அதாவது ஏறத்தாழ 100 மி.மீ., நம் வேலைக்கு உதவாது என்பதோடு நம்முடன் பயணம் செய்வோருக்குத் தீங்கும் ஆகும்.

நாம் செல்லும் பாதை

மைசூரிலிருந்து தென்மேற்கே எச்.டி. கோட்டைப் பகுதியில் ஜேனு குறும்பரும் பெட்டக் குறும்பரும் வாழும் ஹாடிகள் உள்ளன. தென்கிழக்கே சாமராஜநகர் மாவட்டத்தில் பிளிகிரிரங்கன் மலையிலும் மாதேசுவர மலையிலும் சோலிகரின் போடுகள் உள்ளன. மேற்கே குடகின் காப்பித் தோட்டங்களில் எரவரும் பணியரும் வாழ்கின்றனர். தெற்கே பந்திப்பூரைக் கடந்தால் கூடலூர். இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் 1969-இல் மைசூரில் தொடங்கப்பட்டது. இம்மலைகளின் மொழிகளைப் பதிவு செய்யப் புறப்படுவோருக்கு இந்நகரம் இயல்பான தங்குமிடமாக அமைந்ததற்கு இந்த நிலவியலும் ஒரு காரணம்.

இந்தப் பயணங்களின் இயல்பைக் கவனியுங்கள். பயணத்தின் பெரும்பகுதி தார்ச்சாலையில் கழிகிறது. மண்பாதை என்பது கடைசிச் சில கிலோமீட்டர்கள் மட்டுமே. அந்தக் கடைசிப் பகுதியிலும் பாறை ஏற்றங்கள் அரிது. அங்கே நாம் பெரும்பாலும் எதிர்கொள்வது டிராக்டரும் சரக்கு வண்டியும் மழைக்காலத்தில் அறுத்துச் சென்ற இரண்டு பள்ளத் தடங்களையும் அவற்றிடையே இறுகிக் கிடக்கும் நடுமேட்டையும்தான். அடுத்தது, ஓடையின் இரு கரைகளிலும் உள்ள செங்குத்தான சிறு இறக்கமும் ஏற்றமும். மூன்றாவது, சேறு.

இந்த மூன்றில் எதற்கு உயரம் மருந்து, எதற்கு மருந்தன்று என்று பிரித்துப் பார்க்காமல் எத்தனை அங்குலம் என்று கேட்பது, நோயைச் சொல்லாமல் மாத்திரையின் எடையை விவாதிப்பது போன்றது.

எதன் உயரம்?

மொழியியல் பயின்றவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ‘உயரம்’ என்பது தனித்து நின்று பொருள் தராத பெயர். எதன் உயரம், எதிலிருந்து உயரம் என்னும் இரண்டு உறுப்புகள் அதற்கு வேண்டும். சூழலால் விளங்கும் உறுப்புகளைச் சொல்லாமல் விடுவது தமிழில் இயல்பே. ஆனால் பேசுபவரும் கேட்பவரும் அந்த வெற்றிடத்தை வெவ்வேறு பொருள்களால் நிரப்பிக்கொள்ளும்போது, ஒரே வாக்கியத்தை ஒப்புக்கொண்டு இரண்டு வேறு முடிவுகளுக்குப் போய்விடுகிறோம். நம் குழுவில் நடந்தது இதுதான். ‘இரண்டு இஞ்ச் லிஃப்ட்’ என்றபோது ஒருவர் தரையிலுள்ள கல்லுக்கும் அச்சுக்கும் இடையிலான வெளியை நினைத்தார். இன்னொருவர் வண்டியின் வயிற்றை நினைத்தார். மூன்றாமவர் வண்டி நிற்கும் தோற்றத்தை நினைத்தார்.

வண்டியில் குறைந்தது மூன்று உயரங்கள் உண்டு.

முதலாவது, அச்சின் உயரம். ஜிம்னியில் முன்னும் பின்னும் திட அச்சுகள். இத்தகைய வண்டிகளில் தரைக்கு மிக அருகில் தொங்குவது அச்சின் நடுப்பகுதியை ஒட்டியுள்ள டிஃப்பரென்ஷியல் குடம். அந்த அச்சு சக்கரத்தோடு பிணைந்தது. சுருள்வில்லுக்குக் கீழே இருப்பது. ஆகவே சுருள்வில்லை எவ்வளவு நீளமாக்கினாலும் குடம் ஒரு மில்லிமீட்டர்கூட உயராது. நிறுவனத்தின் விவரத்தாளில் ஜிம்னியின் தரை இடைவெளி 210 மி.மீ. என்றிருக்கிறது. நான்கு அங்குல கிட் பொருத்திய பின்னும் குடத்தின் கீழ் அந்த இடைவெளி மாறாது. டிராக்டர் தடத்தின் நடுமேடு இடிக்கும் இடமும் பெரும்பாலும் அதுவே.

இரண்டாவது, வயிற்றின் உயரம். சேஸிஸ், கியர்பெட்டி, எரிபொருள் தொட்டி, பம்பர் ஆகியவை சுருள்வில்லின் மேல் அமர்ந்திருப்பவை. சஸ்பென்ஷன் லிஃப்ட் உயர்த்துவது இவற்றைத்தான். ஓடைக் கரையில் இறங்கும்போது முன் பம்பரும், முகட்டைக் கடக்கும்போது நடுவயிறும் தட்டாமல் காப்பது இந்த உயரம்.

மூன்றாவது, இருக்கையின் உயரம். வண்டியில் ஏறுபவரின் கால் எட்ட வேண்டிய உயரமும், வண்டியின் எடை மையம் நிற்கும் உயரமும் இதனோடு சேர்ந்தே கூடுகின்றன. முதலிரண்டு உயரங்களைப் பற்றி மணிக்கணக்கில் பேசும் நாம் மூன்றாவதைப் பேசுவதே இல்லை.

இவற்றை மாற்றும் வழிகளும் மூன்று. டயரைப் பெரிதாக்கினால் அச்சு உயரும். அதனோடு எல்லாமும் உயரும். சுருள்வில்லை மாற்றினால் சேஸிஸும் அதன் மேலுள்ளவையும் உயரும். சேஸிஸுக்கும் உடற்பகுதிக்கும் இடையே கட்டை வைத்தால் உடற்பகுதி மட்டும் உயரும். அதனால் கிடைப்பது பெரிய டயருக்கான இடம். சேஸிஸின் வயிறு இருந்த இடத்திலேயே இருக்கும். கடைக்காரர் மூன்றையும் ‘லிஃப்ட்’ என்ற ஒரே சொல்லால் குறிக்கலாம். வாங்குபவர் அப்படிக் குறிக்கக் கூடாது.

ஒரு கணக்கு

ஜிம்னி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. வெளிநாடுகளில் விற்கப்படும் மூன்று கதவு ஜிம்னியின் சக்கர இடைத்தொலைவு 2,250 மி.மீ. இந்தியாவில் 2023 ஜூனில் விற்பனைக்கு வந்த ஐந்து கதவு ஜிம்னியில் அது 2,590 மி.மீ. இரண்டிலும் தரை இடைவெளி ஒன்றே: 210 மி.மீ. ஆனால் முகட்டைக் கடக்கும் கோணம் மூன்று கதவு வண்டியில் 28 பாகை. ஐந்து கதவு வண்டியில் 24 பாகை. உயரம் மாறவில்லை, நீளம் 340 மி.மீ. கூடியதால் நான்கு பாகை போய்விட்டது. தரை இடைவெளி என்னும் ஒற்றை எண்ணை வைத்து இரண்டு வண்டிகளை ஒப்பிடுவது எவ்வளவு பிழையானது என்பதற்கு இது போதும்.

இழந்த நான்கு பாகையை மீட்க வயிற்றை எவ்வளவு உயர்த்த வேண்டும்? டயரின் ஆரத்தையும் சக்கர இடைத்தொலைவையும் கொண்டு எளிய வடிவியலில் கணக்கிட்டால் ஏறத்தாழ 45 மி.மீ. வருகிறது. அதாவது, ஏறத்தாழ ஒன்றே முக்கால் அங்குல அளவில், நீண்ட வண்டி தன் குட்டை உடன்பிறப்பின் திறனை எட்டிவிடுகிறது. நான் 40 முதல் 50 மி.மீ. வரை என்று சொன்ன எல்லை இங்கிருந்து வருகிறது. ஓடைக் கரைகளுக்கும் சிறு முகடுகளுக்கும் இது போதுமானது. இதற்கு மேல் ஒவ்வோர் அங்குலத்திற்கும், அது எந்தத் தடையைக் கடக்க உதவும் என்று கேட்பவர் காட்ட வேண்டும். நம் பாதைகளில் அத்தகைய தடையை இதுவரை எவரும் காட்டவில்லை.

டயர்க் கணக்கும் இதைப் போன்றதே. ஜிம்னியின் நிறுவன டயர் 195/80 ஆர்15. விட்டம் ஏறத்தாழ 693 மி.மீ. பலர் விரும்பும் 235/75 ஆர்15 டயரின் விட்டம் ஏறத்தாழ 733 மி.மீ. விட்டத்தில் 40 மி.மீ. கூடினாலும் அச்சு உயர்வது அதில் பாதி, 20 மி.மீ. மட்டுமே. அந்த 20 மி.மீ.-க்கு விலையாக வேகமானி ஏறத்தாழ 6 விழுக்காடு குறைத்துக் காட்டும்; முதல் கியரின் இழுவையும் அதே அளவு குறையும்; பிரேக்குக்கும் வேலை கூடும்.

உயரத்தின் விலை

கிட் விலையைப் பற்றி இங்கே பேசவில்லை. வண்டியின் பிற உறுப்புகள் கொடுக்கும் விலையைப் பற்றிப் பேசுகிறேன்.

சுருள்வில்லின் மேல் வெறும் ஸ்பேசர் வைத்து 50 மி.மீ. உயர்த்தி, ஷாக் அப்சார்பரைப் பழையதாகவே விட்டால் என்ன நடக்கும்? சக்கரம் மேலும் கீழும் தலா 100 மி.மீ. அசையக்கூடியது என்று வைத்துக்கொள்வோம். இப்போது வண்டி ஏற்கெனவே 50 மி.மீ. மேலே நிற்கிறது, ஷாக்கின் நீளம் மாறவில்லை. ஆகவே சக்கரம் கீழிறங்க எஞ்சியிருப்பது 50 மி.மீ. மட்டுமே. பள்ளத்தில் இறங்கித் தரையைப் பற்ற வேண்டிய சக்கரம் காற்றில் தொங்கும். தோற்றத்தில் உயர்ந்த வண்டி, பற்றில் தாழ்ந்துவிடும்.

திட அச்சைப் பிடித்திருக்கும் நீண்ட கைகள், வண்டி உயரும்போது கோணம் மாறி அச்சையே சற்றுத் திருப்பிவிடுகின்றன. அதனால் முன்சக்கரத்தின் காஸ்டர் கோணம் குறைகிறது. திருப்பிய ஸ்டீரிங் தானாக நேர்நிலைக்குத் திரும்பும் இயல்பு இந்தக் கோணத்தால் வருவது. அது குறைந்தால் தார்ச்சாலையில் வண்டி அலையும். சில வேகங்களில் முன்சக்கரங்கள் கடுமையாக நடுங்கவும் கூடும். அச்சைப் பக்கவாட்டில் நிறுத்தும் தண்டு அச்சை ஒரு பக்கமாக இழுத்துவிடும். புரொப்பல்லர் ஷாஃப்டின் மூட்டுக் கோணம் கூடும். பிரேக் ஹோஸ் முழு நீளத்திற்கு இழுபடும். 40 மி.மீ. அளவில் இவை பெரும்பாலும் புஷ்ஷை மாற்றியும் அலைன்மென்ட் செய்தும் சரிப்படுத்தக்கூடியவை. 100 மி.மீ. அளவில் கைகள், தண்டு, ஹோஸ், ஷாக் என ஒவ்வொன்றும் வேறாக வேண்டும். கிட் பெட்டியில் இவை எல்லாம் இருக்கின்றனவா என்று பார்ப்பவர் சிலரே.

எடை மையத்திற்கும் ஓர் எடுத்துக்காட்டு. பின்வருபவை விளக்கத்திற்காக நான் எடுத்துக்கொண்ட எண்கள். இரு சக்கரங்களுக்கு இடையிலான அகலம் 1,400 மி.மீ., எடை மையத்தின் உயரம் 700 மி.மீ. என்றால், அசையாமல் நிற்கும் வண்டி பக்கவாட்டில் 45 பாகை சாய்ந்தால் கவிழும். வண்டியை 100 மி.மீ. உயர்த்தினால், அச்சும் சக்கரமும் கீழேயே இருப்பதால், எடை மையம் சுமார் 80 மி.மீ. மேலேறும் எனக் கொள்வோம். கவிழும் கோணம் 42 பாகைக்கு அருகில் வந்துவிடும். மூன்று பாகைதானே என்று தோன்றலாம். ஆனால் ஓடும் வண்டியில் வளைவின் விசை, வில்லின் சாய்வு, கூரையின் மேல் கட்டிய பெட்டிகள் ஆகிய எல்லாம் அதே கணக்கிலிருந்து பங்கு கேட்கின்றன. நிற்கும் வண்டியின் 45, ஓடும் வண்டியில் ஒருபோதும் கிடைப்பதில்லை.

இந்த இழப்பு காட்டுப்பாதையில் மட்டும் வெளிப்படுவதன்று. பந்திப்பூர் வழியாகக் கூடலூருக்கும் வயநாட்டுக்கும் செல்லும் சாலைகள் 2009 முதல் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை பொதுப் போக்குவரத்துக்கு மூடப்படுகின்றன. பதிவு முடியத் தாமதமாகி, 9 மணிக்குள் சோதனைச் சாவடியைக் கடந்துவிட விரைவது கள ஆய்வாளர்களுக்குத் தெரிந்த அனுபவம். அந்த நேரத்தில் சாலையில் மான் குறுக்கிட்டு, ஓட்டுநர் ஸ்டீரிங்கை ஒடித்துத் திருப்பினால், நான்கு அங்குலம் உயர்ந்த வண்டிக்கும் உயராத வண்டிக்கும் உள்ள வேறுபாடு அங்கேதான் தெரியவரும். நம் பயணத்தின் பெரும்பகுதி தார்ச்சாலை என்று முன்பே சொன்னேன். வண்டியை அந்தப் பெரும்பகுதிக்குத் தகுதியற்றதாக்கிக் கடைசிச் சில கிலோமீட்டருக்குத் தகுதியாக்குவது கணக்குக்கு ஒவ்வாது.

சுமையும் உயரமும்

நம் விவாதத்தில் ஒருவரும் எழுப்பாத கேள்வி இது: அளக்கும்போது வண்டியில் யார் இருக்கின்றனர்?

ஐந்து கதவு ஜிம்னி நால்வர் அமரும் வண்டி. நாம் செல்லும்போது நால்வரும் இருப்போம். ஒலிப்பதிவுக் கருவி, முக்காலி, மின்கலம், தண்ணீர், அரிசி என்று பின்புறம் நிறைந்திருக்கும். காலியான வண்டியின் உயரம் நமக்குப் பயனற்ற எண். பின்புறச் சுருள்வில்கள் இரண்டும் சேர்ந்து ஒவ்வொரு மில்லிமீட்டர் அமுங்கவும் 5 கிலோ தேவைப்படுகிறது என்று வைத்துக்கொண்டால், 200 கிலோ ஏறியதும் பின்பக்கம் 40 மி.மீ. தாழும். கடையில் காலி வண்டிக்கு 40 மி.மீ. உயர்த்தியவர், சுமையோடு புறப்படும்போது தொடங்கிய இடத்திற்கே வந்து நிற்பார். ‘வயிறு இடிக்கிறது’ என்று நாம் சொல்லும் இடங்களில் பலவற்றுக்குத் தீர்வு, சுமையைத் தாங்கும் சரியான கடினமுள்ள வில்தான். உயரம் அன்று.

மிகைக் கடினமும் தீர்வாகாது. பழைய ஜீப்புகளில் கமான் பட்டையோடு கூடுதலாக ஒரு பட்டை சேர்த்து உயர்த்துவது வழக்கம். ‘கமான்’ என்பது வில்லைக் குறிக்கும் பாரசீகச் சொல். உருதுவின் வழியாக நம் பட்டறைகளுக்கு வந்து தங்கிவிட்டது. அந்த வில் வளைய வேண்டும். கூடுதல் பட்டை சேர்ந்த வண்டி சுமை இல்லாதபோது கட்டையாகி, பள்ளத்தில் சக்கரத்தை இறக்க மறுக்கும். அதில் பயணம் செய்பவரின் முதுகெலும்புக்கு இது சொல்லாமலே தெரியும்.

யாருடைய வண்டி?

இந்த வண்டியில் நாம் மட்டும் செல்வதில்லை. நம் தகவலாளர்களில் பலர் அறுபது, எழுபது வயதைக் கடந்தவர்கள். ஒரு மொழியின் பழைய பாடலையோ தாவரப் பெயர்களையோ நினைவில் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் அவர்களே. ஒரு போடுவிலிருந்து இன்னொரு போடுவுக்கு அவர்களை அழைத்துச் செல்கிறோம். திரும்பும் வழியில் மருத்துவமனைக்கோ சந்தைக்கோ இறக்கிவிடும்படி கேட்கின்றனர். மறுப்பதில்லை, மறுக்கவும் கூடாது. ஏற்கெனவே உயரமான வண்டியின் வாயிற்படி மேலும் நான்கு அங்குலம் உயர்ந்தால், மூட்டு வலியுள்ள ஒரு பாட்டியை நாம் தூக்கி ஏற்ற வேண்டியிருக்கும். அவர் அதை விரும்புவாரா என்று கேட்டோமா?

நெறிமுறைக் குழுவுக்கு நாம் அளிக்கும் படிவத்தில் ஒலிப்பதிவுக்கு ஒப்புதல் பெறும் முறை, தரவைக் காக்கும் முறை, பெயரை மறைக்கும் முறை ஆகிய எல்லாம் எழுதுகிறோம். தகவலாளர் நம் வண்டியில் ஏறினால் அவர் ஏற்கும் இடர் என்ன என்று ஒரு வரியும் எழுதுவதில்லை. வண்டியை மாற்றியமைக்கும் முடிவு நம்முடையது. அதன் கவிழும் கோணத்தில் பங்கு பெறுபவர் அவர். ஒலிப்பதிவுக்குத் தேவைப்படும் ஒப்புதல் இதற்கு ஏன் தேவைப்படவில்லை என்று எனக்கு விளங்கவில்லை. இந்த விவாதத்தில் எனக்கு முதன்மையானது இதுவே. மற்றவை எல்லாம் பொறியியல்.

சட்டம்

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆம் பிரிவு வண்டியை மாற்றியமைப்பதைப் பற்றியது. பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள், தயாரிப்பாளர் முதலில் குறித்தவற்றிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்பதை, கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு திருத்தப்பட்ட சட்டத்தின் 182ஏ பிரிவு, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடமளிக்கிறது. கிட் கடையில் வெளிப்படையாக விற்கப்படுவதால் அதைப் பொருத்துவது அனுமதி பெற்றதாகிவிடாது.

ஆகவே 40 மி.மீ.-க்கும் இது பொருந்தும். எந்த மாற்றமானாலும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திடமும் காப்பீட்டு நிறுவனத்திடமும் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் பெற்ற பின்னரே கை வைக்க வேண்டும். விபத்து நேர்ந்து, மாற்றத்தைக் காரணம் காட்டி இழப்பீடு மறுக்கப்பட்டால், உதவித்தொகையில் வாழும் நான்கு ஆய்வு மாணவர்களால் அதைத் தாங்க இயலாது. காயமடைந்தவரின் குடும்பத்தால் அறவே இயலாது.

மறுப்புகள்

நண்பர்கள் முன்வைத்த மறுப்புகளில் மூன்று வலுவானவை.

ஒன்று, மழைக்கால ஓடைகள். உயர்ந்த வண்டி ஆழமான நீரைக் கடக்கும் என்கின்றனர். இதில் ஓரளவு உண்மை உண்டு. எஞ்சின் காற்றை இழுக்கும் வாய் உயர்கிறது. ஆனால் அச்சுகள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. ஓடும் நீரில் ஆபத்து ஆழத்தால் மட்டும் வருவதன்று. நீரின் விரைவால் வருகிறது. முழங்காலுக்கு மேல் விரைந்தோடும் நீரில் நடந்து பார்க்க அஞ்சும் இடத்தில் வண்டியை இறக்குவது எந்த உயரத்திலும் தவறே. காத்திருப்பதே வழி.

இரண்டு, மலை ஜீப்புகள். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கும், மடிக்கேரியை அடுத்த மாந்தல்பட்டிக்கும் நாள்தோறும் ஏறும் ஜீப்புகளைக் காட்டுகின்றனர். அவற்றை நன்றாகக் கவனியுங்கள். அவற்றைக் காப்பவை தாழ்ந்த கியரும், குறைந்த வேகமும், எந்தக் கல்லின் மேல் எந்தச் சக்கரத்தை வைப்பது என்ற ஓட்டுநரின் அறிவும். அந்த ஓட்டுநர் ஒரே பாதையில் ஆண்டுக்கணக்காகச் செல்பவர். அந்த அறிவை அங்குலக் கணக்கில் கடையில் வாங்க இயலாது.

மூன்று, போட்டி வண்டிகள். 2014-இல் கோவாவில் தொடங்கிய ரெயின்ஃபாரஸ்ட் சாலஞ்ச் போட்டியில் ஓடும் வண்டிகள் உயரமானவைதாம். ஆனால் அவற்றில் உருள்கூண்டு இருக்கிறது. ஓட்டுநர் தலைக்கவசம் அணிந்து பல்முனைப் பட்டையால் கட்டப்பட்டிருக்கிறார். பின்னிருக்கையில் பாட்டி இல்லை. கவிழ்வதை எதிர்பார்த்துச் செய்யப்பட்ட வண்டியின் அளவை, கவிழவே கூடாத வண்டிக்கு எடுத்துக்கொள்வதில் பொருளில்லை.

என்ன செய்யலாம்?

நல்ல மெக்கானிக் முதலில் கேட்பது ‘எங்கே இடிக்கிறது?’ என்பதுதான். அதற்கு விடை சொல்லும் நிலைக்கு நாம் வர வேண்டும். நான் முன்வைக்கும் வரிசை இது.

முதலில், வண்டி வந்ததும் நான்கு சக்கரங்களிலும் சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை உள்ள உயரத்தை, காலியாக ஒருமுறையும் முழுச் சுமையோடு ஒருமுறையும் அளந்து எழுதி வைக்க வேண்டும். வில் தளர்ந்திருந்தால் அப்போதே தெரிந்துவிடும். நிறுவன அளவுக்கு மீட்பதே முதல் வேலை.

அடுத்து, நிறுவன அளவிலேயே மண்பாதைக்கேற்ற பள்ளமுள்ள டயர்களைப் போட வேண்டும். கையில் காற்றழுத்தமானியும் சிறு கம்ப்ரசரும் வேண்டும். சேற்றில் காற்றைச் சற்றுக் குறைத்து, தார்ச்சாலைக்குத் திரும்பியதும் நிரப்பினால் கிடைக்கும் பற்று எந்த லிஃப்டும் தராதது.

மூன்றாவதாக, டிஃப்பரென்ஷியல் குடத்திற்கும் எரிபொருள் தொட்டிக்கும் அடித்தகடு, இழுக்கும் பட்டை, மண்வெட்டி. தடத்தின் நடுமேட்டைக் கடக்கப் பள்ளத்தில் சக்கரத்தை இறக்காமல், ஒரு பக்கச் சக்கரங்களை மேட்டின் மேலும் மறுபக்கச் சக்கரங்களைத் தடத்தின் வெளிவிளிம்பிலும் வைத்து ஓட்டப் பழக வேண்டும். இயலாத இடத்தில் மண்வெட்டி உதவும்.

நான்காவதாக, ஒவ்வொரு பயணத்திற்குப் பின்னும் வண்டியின் அடியில் புதிதாக விழுந்த கீறல்களைப் புகைப்படம் எடுத்து, இடத்தைக் குறித்து வைக்க வேண்டும். தரவு சேர்ப்பது நமக்குத் தெரிந்த வேலைதானே. ஒரு பருவத்திற்குப் பின் அந்தக் கீறல்கள் குடத்தில் இருந்தால் லிஃப்ட் பயன் தராது. பம்பரிலும் நடுவயிற்றிலும் இருந்தால், அனுமதியைப் பெற்று, சரியான நீள ஷாக்குகளோடும் காஸ்டர் திருத்தத்தோடும் 40 மி.மீ. உயர்த்துவதை நானே முன்மொழிவேன்.

ஐந்தாவதாக, வண்டி போகாத இடத்திற்கு நடந்து போவோம். கடைசி ஒரு கிலோமீட்டரை ஒலிப்பதிவுக் கருவியைத் தோளில் போட்டுக்கொண்டு கடப்பது இழிவன்று. அந்த வழியை ஊரார் நாள்தோறும் நடக்கின்றனர்.

வரும் கூட்டத்தில் வாக்கெடுப்பு நடக்குமானால், ‘இரண்டா, நான்கா?’ என்று கேட்காமல், ‘இந்தப் பருவம் உயர்த்தாமல் ஓட்டி அளக்கலாமா?’ என்று கேட்கும்படி வேண்டுகிறேன். மாற்றுக் கருத்துள்ளவர்கள் கீழே எழுதுங்கள். எழுதும்போது எந்தப் பாதையில், எந்தத் தடையில், வண்டியின் எந்த உறுப்பு இடித்தது என்பதையும், அப்போது வண்டியில் எத்தனை பேர் இருந்தனர் என்பதையும் சேர்த்து எழுதினால், நம் முடிவுக்கு அது பயன்படும்.